உஷார்! லேமினார் முன்னால் உட்காரும் முன்...

மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு முதல் லேப் வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகளே, ஆஃபர் லெட்டரில் சம்பளத்தைப் பார்த்தது போதும். நீங்கள் உட்காரப்போகும் இடத்தில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள்.

சிரிக்க வேண்டாம். கல்லூரியில் மீடியா ஊற்றினீர்களே, அந்த லேமினார் ஏர் ஃப்ளோ வடிகட்டிய காற்றை உங்கள் முகத்துக்கு நேராகத் தள்ளும். பிளேட்டில் வெளிக்கிருமி விழாமல் காப்பதோடு அதன் வேலை முடிந்தது. நோயாளியின் சளியையோ ரத்தக் கல்ச்சரையோ அதில் வைத்துத் திறப்பது, ஓடும் டேபிள் ஃபேனுக்கு எதிரே உட்கார்ந்து மிளகாய்த்தூள் பொட்டலத்தைப் பிரிப்பது மாதிரி. அதற்குத் தேவை பயோசேஃப்டி கேபினட். கண்ணாடி, ட்யூப் லைட், ஸ்டீல் மேடை என்று இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதுதான் வம்பு. மெஷினை ஓடவிட்டு, முன்பக்கத் திறப்பில் ஒரு டிஷ்யூ துண்டைப் பிடியுங்கள். உள்ளே இழுத்தால் கேபினட், உங்கள் பக்கம் பறந்தால் லேமினார். கேபினட்டே என்றாலும் விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கொருமுறை சோதித்த ஸ்டிக்கரில் என்ன தேதி இருக்கிறது? "நாங்க இத்தனை வருஷமா இதுலதான் பண்றோம், ஒண்ணும் ஆகல" என்று சீனியர் சொன்னால், அந்த லேபில் இரட்டை எச்சரிக்கை தேவை.

அடுத்தது மோந்து பார்ப்பது. சூடோமோனாஸ் என்றால் திராட்சை வாசம் வரும் என்று பழைய ஆட்கள் பிளேட்டைத் திறந்து மூக்கருகே நீட்டுவார்கள். மரியாதையாக மறுத்துவிடுங்கள். லேபில் வேலை செய்பவர்களுக்குத் தொற்றும் பாக்டீரியாக்களில் உலகெங்கும் அடிக்கடி பதிவாவது புருசெல்லா. மூச்சோடு வெகு கொஞ்சம் உள்ளே போனாலே போதும். சில நாள் கழித்துத்தான் பொடிப்பொடியாகக் காலனி தெரியும். அடையாளம் காணும் மெஷின்கூட வேறு பெயர் சொல்லி ஏமாற்றியிருக்கிறது. மாடும் பச்சைப் பாலும் புழங்கும் நம் ஊரில் அது வரவே வராது என்று யாரால் சொல்ல முடியும்? நெல் வயல் மண்ணில் வாழும் பர்க்கோல்டேரியா சூடோமல்லை இன்னொன்று. மெலியாய்டோசிஸ் என்ற நோயைக் கொண்டுவரும் இந்தக் கிருமி, ரிப்போர்ட்டில் சாதாரண சூடோமோனாஸாகப் பதிவாகிவிடுவதும் உண்டு.

டியூபின் மேல் ஒட்டியிருக்கும் பெயரையும் முழுசாக நம்ப முடியாது. 2003-ல் சிங்கப்பூரில் வெஸ்ட் நைல் வைரஸில் வேலை செய்த ஆராய்ச்சி மாணவருக்கு வந்தது சார்ஸ்! அந்தச் சாம்பிளில் சார்ஸ் வைரஸும் கலந்திருந்தது.

'எனக்குத்தானே வரும்' என்று அலட்சியம் வேண்டாம். 2010-11-ல் அமெரிக்காவில் லேப்களோடு தொடர்புடைய சால்மோனெல்லா தொற்று 38 மாநிலங்களில் 109 பேரைப் பிடித்தது. மைக்ரோபயாலஜி லேபில் படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள் வீட்டுக் குழந்தைகளும் அதில் படுத்தார்கள். லேபுக்குள் கால் வைக்காத குழந்தைகள்! பேனா, நோட்டு, கோட் எல்லாம் கிருமியை வீட்டுக்குக் கொண்டுபோகும். இன்றைக்கு அந்தப் பட்டியலில் செல்போனும் உண்டு. பெஞ்சில் வைத்த போனைச் சாயங்காலம் குழந்தை கையில் கொடுக்கிறோம். கோட்டோடு பஸ் ஏறுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல!

இன்டர்வியூவில் கூச்சப்படாமல் கேளுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் நிறுவனம் போடுமா? டைபாய்டு ஊசி? கல்ச்சர் சிந்தினால் எழுதிவைக்க ரெஜிஸ்டர் இருக்கிறதா? கேட்டதற்காக முகம் சுளித்தால், இன்னொரு லேப் தேடுங்கள். பெற்றோரும் 'கிடைத்த வேலையை விடாதே' என்று நெருக்காதீர்கள்.

வேலையில் சேர்ந்துவிட்டீர்களா? வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்துக் காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தால், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். டாக்டரிடம் போய், எந்த லேபில் என்ன கிருமியோடு வேலை செய்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் ஒழிய அவருக்குத் தெரியாது.