அகன்ற வாணலியும் அரைமணி நேரமும்

டீ இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, ஆறட்டும். அதற்குள் விஷயத்தைத் தொடங்கிவிடலாம். நீங்கள் கேட்டது பாஸ்தாவில் கலக்கும் தக்காளி சாஸ். பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்ளும் பாட்டில் சாஸ் வேறு. அதில் சர்க்கரையும் வினிகரும் தூக்கலாக இருக்கும். பாஸ்தாவில் அதைக் கொட்டினால் பள்ளிக்கூட டிபன் பாக்ஸ் வாசம்தான் வரும். கடையில் பாஸ்தாவுக்கென்றே கண்ணாடி பாட்டிலில் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் விலையைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. தக்காளி கிலோ முப்பது ரூபாய்க்கு விற்கும் நாளில், எண்ணெய், பூண்டு எல்லாம் சேர்த்தே ஐம்பது ரூபாயைச் சுற்றி முடிந்துவிடும். நாலு பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பங்கு தண்ணீர். ஒரு கிலோ வாங்கினால் 940 கிராம் தண்ணீரைத்தான் பையில் போட்டுத் தூக்கி வருகிறீர்கள். அதில் பாதியை ஆவியாக்கி அனுப்பினால் சாஸ். எவ்வளவு சீக்கிரம் அனுப்புகிறீர்களோ அவ்வளவுக்கு அது புதுத் தக்காளியின் மணத்தோடு இருக்கும். மணிக்கணக்கில் கொதிக்கவிட்டாலும் ருசியான சாஸ் வரும்தான், ஆனால் அது வேறு ருசி, அடர்ந்து இனித்துக் கிடக்கும். நமக்கு வேண்டியது வேலை முடிந்து வந்த மாலையில் அரைமணி நேரத்தில் முடிகிற சங்கதி.

ஆகவே பாத்திரம்தான் முக்கியம். உயரமான, வாய் குறுகிய பாத்திரத்தை எடுக்காதீர்கள். வீட்டிலேயே அகலமான வாணலியை எடுங்கள். 18 சென்டிமீட்டர் பாத்திரத்தைவிட 28 சென்டிமீட்டர் வாணலிக்குப் பரப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அடியில் தீ படும் இடமும் பெரிது, மேலே ஆவி வெளியேறும் வாயும் பெரிது. குக்கரில் இரண்டு விசில் விட்டால் சீக்கிரம் ஆகாதா என்பார்கள். தக்காளி சீக்கிரம் குழையும், தண்ணீர் போகாது. மூடி வைத்த பாத்திரத்தில் அது எங்கே போகும்? திறந்த பிறகு மறுபடி வற்றவைக்க வேண்டியதுதான். எவர்சில்வரோ நான்ஸ்டிக்கோ மண்சட்டியோ சரி. பூச்சில்லாத அலுமினியமும் இரும்பும் வேண்டாம். தக்காளியின் புளிப்பு உலோகத்தை அரித்துக்கொண்டு நாக்கில் வந்து நிற்கும். ஈயம் பூசாத பித்தளையைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

எந்தத் தக்காளி? கனிந்தது. அதற்கு மேல் சொல்வதென்றால், நாட்டுத் தக்காளியில் சாறும் புளிப்பும் அதிகம், பெங்களூர்த் தக்காளியில் சதை அதிகம். பெங்களூர் இரண்டு பங்கு, நாடு ஒரு பங்கு என்று கலந்தால் வற்றவும் சீக்கிரம் வற்றும், ருசியும் தட்டையாக இருக்காது. ராத்திரி தள்ளுவண்டிக்காரர் கடையை ஒதுக்கும் நேரத்தில் கூறு கட்டி மலிவாகத் தள்ளிவிடும் குழைந்த தக்காளி இருக்கிறதே, அதுதான் இதற்கு ராஜா. குழைந்தது வேறு, பூசணம் பிடித்தது வேறு என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காயாக இருக்கும் தக்காளியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே போனால் அது ஒழுங்காகப் பழுக்காது, மணமும் கெடும். கூடையில் வெளியே கிடக்கட்டும்.

இப்போது தோல். வெந்நீரில் போட்டு உரிக்கும் வேலையெல்லாம் தேவையில்லை. தக்காளியைக் குறுக்கே இரண்டாக அரிந்து, வெட்டிய பக்கத்தைத் தேங்காய்ப் பத்தைக்கும் கேரட்டுக்கும் வைத்திருக்கும் துருவியில் வைத்துத் தேயுங்கள். சதையெல்லாம் கீழே இறங்கிவிடும், தோல் மட்டும் கையில் நிற்கும். ஸ்பெயினில் ரொட்டிமேல் தடவும் தக்காளிக்கு இப்படித்தான் செய்கிறார்கள். ஒரு கிலோவுக்குப் பத்து நிமிடம் ஆகாது. மிக்ஸியில் பச்சையாக அடித்தால் காற்று புகுந்து நுரைத்து, சிவப்பு வெளிறி ஆரஞ்சாகிவிடும். விதையும் உடைந்து லேசாகக் கசக்கும். விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பைப் பிழிந்து எறியச் சொல்பவர்களும் உண்டு. எறியாதீர்கள். நாக்கில் ஊறவைக்கும் குளுட்டமேட் சதையைவிட அங்கேதான் அதிகம்.

துருவியதை நேரம் கழித்து அடுப்பேற்றலாம் என்று மேடையில் விட்டுவிட்டு சீரியல் பார்க்கப் போகக் கூடாது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தக்காளிச் சாற்றுக்குக் கெட்டித்தன்மை கொடுப்பது பெக்டின். ஜாம் உறைவதும் இதனால்தான். தக்காளியை வெட்டிய கணத்திலிருந்து அதற்குள்ளேயே இருக்கும் நொதிகள் அந்தப் பெக்டினை உடைக்கத் தொடங்கிவிடும். 85 டிகிரியைத் தாண்டிச் சூடாக்கினால் நொதிகள் செயலிழக்கும். தக்காளி பேஸ்ட் செய்யும் ஆலைகளில் நசுக்கிய தக்காளியை உடனே அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோவது இதற்காகத்தான். நம் வீட்டில் அதற்கு எந்திரம் வேண்டாம். பூண்டு எண்ணெயில் காயும் நேரத்திலேயே துருவி முடித்து, நேராகச் சூடான வாணலியில் கொட்டினால் போதும். நீர்த்துப் பிரிந்து நிற்கும் சாஸுக்கும் கரண்டியில் ஒட்டும் சாஸுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது.

டீ ஆறிவிட்டது, குடியுங்கள்.

எண்ணெய் நாலு மேசைக்கரண்டி. ஒரு கிலோவுக்கு இது அதிகமில்லை. தக்காளிக்குச் சிவப்பு தரும் லைகோபீன் கொழுப்பில்தான் கரையும், எண்ணெயோடு வெந்தால்தான் உடம்பிலும் நன்றாகச் சேரும். ஆலிவ் எண்ணெய் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ போதும். நல்லெண்ணெய் வேண்டாம். அதில் குறையொன்றும் இல்லை, ஆனால் அதன் வாசம் வந்ததும் எல்லாரும் இட்லியைத் தேடுவார்கள். எட்டுப் பல் பூண்டைச் சீவி, காயாத எண்ணெயிலேயே போட்டு, சிறு தீயில் வையுங்கள். மெதுவாகச் சூடேறினால் மணம் முழுக்க எண்ணெயில் இறங்கும். விளிம்பு லேசாக மஞ்சளாகும்போது இரண்டு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு, உடனே தக்காளியைக் கொட்டுங்கள். பூண்டு சிவக்கும்வரை காத்திருந்தால் கசப்பு ஏறிவிடும், அதன்பின் எதைப் போட்டும் அதை எடுக்க முடியாது.

உப்பைப் பாதியளவு இப்போது, மீதி கடைசியில். வற்ற வற்ற உப்பு கூடும் என்பது நம் வீட்டில் குழம்பு வைப்பவர்களுக்குத் தெரியாததல்ல. தீயை நன்றாக வையுங்கள். முதல் பத்து நிமிடம் தண்ணீராகக் கொதிக்கும், கவலை வேண்டாம். பிறகு குமிழ்கள் பெரிதாகி, கனத்த சத்தத்தோடு தெறிக்கத் தொடங்கும். அப்போது தீயைக் குறைத்து அடிக்கடி கிண்டுங்கள். கரண்டியால் வாணலியின் நடுவே ஒரு கோடு இழுத்தால் அடி தெரிந்து, ஒரு நொடி கழித்து மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் பதம். நம் தொக்குக்கு எண்ணெய் முழுக்கப் பிரிந்து மிதக்கும்வரை சுண்டவைப்போம் அல்லவா? இங்கே அதுவரை போகக் கூடாது. ஓரத்தில் எண்ணெய் முத்து முத்தாகத் தலைகாட்டும்போதே நிறுத்திவிட வேண்டும். துருவியதிலிருந்து இறக்குவதுவரை அரைமணி நேரம், தக்காளி நீர்க்கோத்ததாக இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம்.

ருசி பாருங்கள். புளிக்கிறதா? நாட்டுத் தக்காளி என்றால் புளிக்கத்தான் செய்யும். அரைக்கரண்டி சர்க்கரை போட்டால் புளிப்பு மறையும், குறையாது. உண்மையில் குறைக்க வேண்டுமென்றால் சமையல் சோடா, விரல்நுனியால் எடுக்கும் ஒரு சிட்டிகை. நுரைத்து அடங்கும். அதற்கு மேல் போட்டால் சோப்பு ருசி. என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். பூண்டுக்கு முன்னால் ஒரு பெரிய வெங்காயத்தைப் பொடியாக அரிந்து பொறுமையாக வதக்கிவிட்டால் அதன் இனிப்பே சமாளித்துக்கொள்ளும்.

இலை விஷயத்தில் நம்மவர்கள் தேவையில்லாமல் ஏங்குகிறார்கள். இத்தாலிக்காரர்கள் போடும் பேசிலும் நம் திருநீற்றுப் பச்சிலையும் ஒரே இனம். சர்பத்தில் போடும் சப்ஜா விதை அதன் விதைதான். நாலு இலையைக் கையால் கிழித்து, அடுப்பை அணைத்தபின் போடுங்கள். துளசி அதற்கு மாற்றல்ல, கிராம்பு நெடி அடிக்கும். ஆரிகனோ இல்லையென்றால் தொட்டியில் இருக்கும் ஓமவல்லியில் ஓர் இலையைப் பொடியாக நறுக்கிப் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் மணத்தைத் தரும் வேதிப்பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். ஓர் இலை என்றால் ஓர் இலை, இரண்டாவது போட்டால் இருமலுக்குக் கஷாயம் ஆகிவிடும்.

இதையும் பெரிய வேலை என்று நினைப்பவர்களுக்காக மார்செல்லா ஹசான் ஒரு வழி சொல்லியிருக்கிறார். இத்தாலியில் பிறந்து, அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கி, கல்யாணமாகி நியூயார்க் போன பிறகுதான் சமைக்கவே கற்றுக்கொண்டவர். அவருடைய புகழ்பெற்ற சாஸில் தக்காளி, வெண்ணெய், இரண்டாக வெட்டிய ஒரு வெங்காயம், உப்பு, அவ்வளவுதான். பூண்டு கிடையாது, வதக்கல் கிடையாது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு 45 நிமிடம் சிறு தீயில் விட்டு, வெங்காயத்தை எடுத்துவிட வேண்டியது. நேரம் கூடும், கவனிக்க வேண்டிய வேலை குறையும். வெண்ணெய் புளிப்பை அழகாக உருட்டிவிடுகிறது. அந்த வெங்காயத்தை எறியாமல் ரொட்டியில் தேய்த்துத் தின்பவர் கட்சி நான். வீட்டில் வெண்ணெய் இருக்கும் நாளில் இதைச் செய்யுங்கள்.

அப்படியே இன்னொன்றும். இத்தாலியில் அச்சான மிகப் பழைய தக்காளி சாஸ் குறிப்பு என்று சொல்லப்படுவது 1690களில் நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி எழுதியது. தக்காளியைத் தணலில் சுட்டு, தோலுரித்து நறுக்கி, வெங்காயம், உப்பு, எண்ணெய், வினிகர் சேர்த்துப் பிசைவது. பாஸ்தாவின் பேச்சே அதில் இல்லை. பாஸ்தாவும் தக்காளியும் சேர்ந்தது அதற்கு ஏறக்குறைய நூறு வருடம் கழித்துத்தான். நம் ஊர் சுட்ட தக்காளிச் சட்னிக்காரர்கள் இதைப் படித்தால் இதற்கா இவ்வளவு பேச்சு என்பார்கள்.

விலை ஏறிய நாளில் என்ன செய்வது? 2023 ஜூலையில் சென்னையில் கிலோ நூறைத் தாண்டியபோது அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது நினைவிருக்கும். அதே தக்காளி வேறொரு மாதத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் பாலக்கோடு பக்கம் செடியிலேயே விடப்படும். விலை எகிறிய நாட்களில் 200 கிராம் பியூரி பாக்கெட் கைகொடுக்கும். அது ஏற்கெனவே பாதி சுண்டியது என்பதால் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பூண்டெண்ணெயில் பச்சை வாசம் போகப் பத்து நிமிடம் கொதித்தால் போதும். பாக்கெட்டில் உப்பு சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு உப்பு போடுங்கள்.

மலிந்த நாளில் மூன்று கிலோ செய்துவைக்கலாம். ஆனால் மூன்றையும் ஒரே வாணலியில் கொட்டினால் அகலத்தின் லாபம் போய்விடும், தனித்தனியாகச் செய்யுங்கள். ஊறுகாய்போல ஜாடியில் போட்டு அலமாரியில் வைக்கலாமா என்று கேட்காதீர்கள். ஊறுகாயில் உப்பும் புளிப்பும் காவல் நிற்கின்றன, இதில் அந்த அளவு இல்லை. அதிலும் பூண்டும் எண்ணெயும் சேர்ந்தது வெளியே இருந்தால் ஆபத்தான கிருமி வளர இடம் உண்டு. ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாளில் தீர்த்துவிடுங்கள். மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளை ஒரு பையில் போட்டு ஃபிரீசரிலேயே வைத்தால் இரண்டு மாதம் தாங்கும். பாஸ்தா வெந்துகொண்டிருக்கும்போது ஆளுக்கு நாலைந்து கட்டியை வாணலியில் போட்டு, பாஸ்தா வெந்த தண்ணீரில் அரைக்கரண்டி விடுங்கள். அதில் இறங்கியிருக்கும் மாவுச்சத்து சாஸைப் பாஸ்தாவோடு பிடித்துவைக்கும். பாஸ்தா இல்லாத நாளில் அதே சாஸில் இரண்டு குழி செய்து முட்டையை உடைத்து ஊற்றி மூடிவையுங்கள். சப்பாத்திக்கு அதுவே போதும்.