வட்டையில் ஒரு வண்டு, மலையில் அதன் உறவு

கிழக்கிலங்கையில், அறுவடை முடிந்த கரைவாகு வட்டையில் (வயல்வெளியில்) மாட்டுப் பட்டி மேய்கிறது. சாணி விழுந்த சற்று நேரத்தில் கறுப்பு வண்டுகள் இரைந்துகொண்டு வந்து இறங்கும். மறுநாள் குச்சியால் கிளறிப் பார்த்தால், மேலே காய்ந்த பொருக்கு, உள்ளே சல்லடைக் கண்போலத் துளைகள், அடியில் புதுமண்.

இந்த வண்டு என்ன செய்கிறது?

உலகில் 5,000க்கும் அதிகமான சாணி வண்டு இனங்கள் உள்ளன. சில, சாணியை உருண்டை பிடித்துப் பின்காலால் உருட்டிப்போய்ப் புதைக்கும். சில, சாணிக்கு நேர்கீழே வளை தோண்டி உள்ளே இறக்கும். சில, சாணிக்குள்ளேயே குடியிருக்கும். புதைத்த சாணியில் முட்டையிட்டால், பொரிக்கும் புழுவுக்கு அதுவே சாப்பாடு. எரு மண்ணுக்குள் போகிறது. ஈ பெருகும் இடமும் குறைகிறது.

இந்த வேலை நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியா கண்டது. அங்குள்ள வண்டுகள் கங்காருவின் காய்ந்த புழுக்கைக்குப் பழகியவை. 1788இல் மாடுகள் வந்திறங்கிய பின் சாணி தரையிலேயே கிடந்தது, ஈ மொய்த்தது. 1968 முதல் வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று.

மலைக்காட்டு வண்டுக்கு என்ன தனித்தன்மை?

வட்டை வண்டு வெயில் தாங்கும், பறந்து இடம் மாறும். மலைக்காட்டு வண்டு குளிருக்கும் ஈரமண்ணுக்கும் பழகியது. வெக்கையான பள்ளத்தாக்கைத் தாண்டுவது அதற்குக் கடலைக் கடப்பது மாதிரி. நக்கிள்ஸ் மலைத்தொடரை நடு மலைநாட்டிலிருந்து மகாவலிப் பள்ளத்தாக்குப் பிரிக்கிறது. இப்படிப் பிரிந்த மலைகளில் நெடுங்காலம் தனித்து வாழும் உயிர்கள், அந்த மலைக்கே உரிய இனங்களாக மாறிவிடக்கூடும். இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும், ஓச்சிகாந்தன் என்ற பேரினத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு சாணி வண்டுகளில், பறக்கவே இயலாத இனங்களும் உண்டு.

நமக்கென்ன?

நம் வயலுக்குப் பாயும் கல்லோயா ஆறு, பதுளைக்குக் கிழக்கே மலைநாட்டில் பிறந்து, சேனநாயக்க சமுத்திரத்தில் தேங்கி வருகிறது. மலையில் மரம் நின்றால்தான் ஆற்றில் நீர் நிற்கும். குரங்கும் மற்ற விலங்குகளும் பழம் தின்று கழிக்கும் விதைகளைச் சாணத்தோடு மண்ணுக்குள் புதைத்து, காடு மீண்டும் முளைக்கத் துணைநிற்கின்றன மலைக்காட்டு வண்டுகள்.

நம் கையிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. மாட்டுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் மருந்தின் மிச்சம் சாணத்தில் வெளியேறி, வண்டின் புழுக்களைக் கொல்லும். மிருக வைத்தியரைக் கேட்டு, தேவையான மாட்டுக்கு மட்டும் கொடுப்போம்.

வட்டையில் வண்டு அழிந்தால் பக்கத்து வட்டையிலிருந்து இன்னொன்று பறந்து வரலாம். ஒரு மலைக்கே உரிய வண்டு அழிந்தால், வேறு எங்கிருந்தும் வராது.