முப்பது டாலர் பொறியும் முப்பது ரூபாய் சென்சாரும்

மேசைமேல் வைத்து ஓட்டும் ஒரு சிலிண்டர் மாதிரி எஞ்சின், பெட்ரோலிலோ சமையல் வாயுவிலோ ஓடட்டும், அதற்குப் பொறி கொடுக்க ஐந்து சாமான் வேண்டும். பேட்டரி, காந்தம் கடந்துபோவதை உணரும் ஹால் சென்சார், கண்டன்சரில் சேர்த்த மின்சாரத்தைப் பொறியாக விடும் சி.டி.ஐ. பெட்டி, கேப்போடு கூடிய பிளக் ஒயர், பிளக். எல்லாம் சேர்ந்தும் அரைக் கிலோ வராது. ஐந்தில் எது செத்தாலும் எஞ்சின் நின்றுவிடும். எது செத்தது என்று பார்க்காமல் முழு செட்டுக்கும் ஆர்டர் போடுகிறவருக்கு ஏறக்குறைய 5,000 ரூபாய் போகிறது. பார்த்து வாங்குகிறவர் பல நேரம் 30 ரூபாய் சென்சாரோடு வேலையை முடித்துக்கொள்கிறார். இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று, திண்டிவனம்–மரக்காணம் சாலையில் உள்ள பிரம்மதேசத்தை முகவரியாக வைத்து இங்கே கணக்குப் போட்டிருக்கிறேன். (சோழர் கோயில்களுக்குப் பேர்போன இன்னொரு பிரம்மதேசமும் இதே விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பார்சல் போடுகிறவர்கள் பின்கோடைச் சரியாக எழுதுவது நல்லது.) விலைகள் கடைக்குக் கடை மாறும். டாலருக்கு 85 ரூபாய் என்று எடுத்ததும் கூட்டல் எளிதாக இருக்கட்டும் என்றுதான்.

எஞ்சினுக்குப் பஞ்சமில்லாத கடற்கரை இது. மரக்காணம் உப்பளங்களில் உவர்நீர் இறைப்பது ஆயில் எஞ்சினும் மின்மோட்டாரும். ஆனால் டீசலுக்கும் மின்மோட்டாருக்கும் பிளக் கிடையாது. அதனால் எஞ்சின் மெக்கானிக்கின் அலமாரியில் நாசில் இருக்கும், பிஸ்டன் ரிங் இருக்கும், பொறி சம்பந்தப்பட்ட எதுவும் இருக்காது. பொறி தெரிந்தவர் பைக் மெக்கானிக்தான். அவரிடமும் கடையிலும் முதல் கேள்வி ஒன்றே: “எந்த வண்டிக்குண்ணே?” இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை என்பதால்தான் ஆர்டர் சீனாவுக்குப் போகிறது.

அங்கிருந்து வருவதற்கு என்ன ஆகும்? மாதிரி விமானக்காரர்கள் பெரும்பாலும் வாங்கும் ஆர்.சி.எக்செல் மாதிரியான ஒற்றைச் சிலிண்டர் சி.டி.ஐ. செட் 30 டாலர், அனுப்பும் கூலி 15 டாலர் என்று வையுங்கள். 45 டாலர், அதாவது 3,825 ரூபாய். சுங்க அட்டவணையில் பொறி சாதனங்களுக்குத் தலைப்பு எண் 8511. அடிப்படைச் சுங்கம் 10 சதவீதம் என்று கொண்டால், அதன்மேல் சமூக நலக் கூடுதல் வரி பத்தில் ஒரு பங்கு, ஆக 11. இந்த 111-இன் மேல் 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. 19.98. மொத்தச் சுமை 30.98 சதவீதம். ரூபாயில் 1,185. ஆகக்கூடி 5,010. கூரியர் கம்பெனி தனியாகக் கேட்கும் கையாளுகைக் கட்டணம் இதில் சேரவில்லை. அடிப்படைச் சுங்கம் 15 சதவீதமாக விதிக்கப்பட்டால் சுமை 37.47 சதவீதமாகி, இன்னும் 248 ரூபாய் ஏறும்.

வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி. பழைய விகிதத்தில் இதே பார்சலுக்கு வரி மட்டும் 1,610 ரூபாய் ஆகியிருக்கும். 425 ரூபாய் மிச்சம். நல்லதுதான். ஆனால் 30 டாலர் பொருளுக்கு 15 டாலர் கூலி என்பதும், அந்தக் கூலிக்கும் சேர்த்தே வரி போடுவார்கள் என்பதும் மாறவில்லை. கூலியும் அதன்மேல் விழும் வரியும் மட்டும் 1,670 ரூபாய். மொத்தச் செலவில் சரியாக மூன்றில் ஒரு பங்கு.

நாலைந்து பேர் சேர்ந்து வரவழைத்தால் என்ன என்று உடனே தோன்றும். ஐந்து செட் 150 டாலர், கூலி 22 டாலர் என்றால் ஒன்றுக்கு 2,924 ரூபாய், வரியோடு 3,830. ஆளுக்கு 1,180 குறைகிறது. ஆனால் ஒரே பெட்டியில் ஒரே சாமான் ஐந்து வந்தால் சொந்த உபயோகமா வியாபாரமா என்று கேட்கப்படலாம். வியாபாரம் என்று ஆனால் இறக்குமதியாளர்களுக்கான ஐ.இ.சி. எண் வேண்டும். எண்ணுக்குக் கட்டணம் 500 ரூபாய்தான். பார்சல் நின்றுவிட்ட பிறகு எண் வாங்க ஓடுவதுதான் வினை. பேட்டரியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் இந்தப் பெட்டியில் சேர்க்க வேண்டாம். லித்தியம் செல் இருக்கும் பார்சலுக்கு விமானத்தில் தனிக் கட்டுப்பாடு.

இதில் எனக்கு எப்போதும் உறுத்துவது ஒன்று உண்டு. இரு சக்கர வண்டிகளுக்கு மேக்னட்டோவும் சி.டி.ஐ.யும் செய்யும் இந்தியா நிப்பான் எலெக்ட்ரிக்கல்ஸ், லூகாஸ் குழுமமும் ஜப்பானின் கொக்குசான் டென்கியும் கூட்டாக 1984-இல் தொடங்கியது. ஓசூரில் ஆலை உண்டு, நமக்குப் பக்கத்துப் புதுச்சேரியிலும் ஆலை உண்டு. எலெக்ட்ரானிக் பொறி என்பது இந்த வட்டாரத்துக்கு அன்னியப் பொருளே இல்லை. அப்படியானால் பைக் சி.டி.ஐ.யையே மாட்டினால் என்ன?

மாட்டலாம், எல்லாவற்றையும் அல்ல. பழைய மொபெட் சி.டி.ஐ.க்கு மின்சாரம் வருவது பேட்டரியிலிருந்து அல்ல, மேக்னட்டோவில் உள்ள தனிக் காயிலிலிருந்து. நூறு வோல்ட்டுக்கு மேல் மாறுமின்னோட்டம். அதை 6 வோல்ட் பேட்டரியில் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ்ஸில் வந்தது போன்ற டி.சி. சி.டி.ஐ. பேட்டரியில் ஓடும், ஆனால் 12 வோல்ட் கேட்கும். யு.பி.எஸ். பெட்டியில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல். மேசை எஞ்சினுக்குப் பரவாயில்லை, மாதிரி விமானத்துக்கு ஆகாது. அதோடு, பைக்கின் பிக்கப் காயில் வேகத்தில்தான் சிக்னல் கொடுக்கும். சின்ன ஃப்ளைவீல் மெதுவாகச் சுற்றும்போது அதிலிருந்து வரும் வோல்ட் சி.டி.ஐ.யை எழுப்பப் போதாது. ஹால் சென்சாருக்கு இந்தத் தொல்லை இல்லை. சக்கரம் நின்றிருந்தாலும் காந்தம் எதிரே இருக்கிறதா என்று சொல்லும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகை விதி வந்து ஸ்பிளெண்டரும் எக்ஸ்.எல். 100-ம் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்குப் போய்விட்டன. இனி சி.டி.ஐ. என்பது பழைய வண்டிக்கு மாற்றுச் சாமானாகத்தான் கடையில் இருக்கும்.

பிளக்கிலும் இதே சிக்கல் இருக்கிறது. மாதிரி எஞ்சின்களில் அதிகம் காணப்படும் என்.ஜி.கே. சிஎம்-6, 10 மி.மீ. மரை. பைக் கடையில் நூறு ரூபாய் அளவில் கிடைக்கும் சி7எச்எஸ்ஏ-வும் 10 மி.மீ. மரைதான், அழகாக ஏறும். ஆனால் அதன் மரை நீளம் 12.7 மி.மீ., சிஎம்-6 அதைவிடக் குட்டை. கூடுதல் நீளம் உள்ளே நீட்டிக்கொண்டு பிஸ்டனையோ வால்வையோ தட்டினால், நூறு ரூபாய் மிச்சம் பிடித்தவர் சிலிண்டர் ஹெட் தேட வேண்டிவரும். சாவி அளவும் வேறு: பைக் பிளக்குக்கு 16, சிஎம்-6-க்கு 14. ஆக, சீனத்துக் கேப் பைக் பிளக்கின்மேல் உட்காராது.

சி.டி.ஐ.யே வேண்டாம், பழைய பைக் காயிலையும் ஒரு பவர் டிரான்சிஸ்டரையும் வைத்து நாமே செய்துகொள்ளலாம் என்பவர்களும் உண்டு. காயில் 1.5 ஓம், பேட்டரி 6 வோல்ட் என்றால் 4 ஆம்பியர். காயிலின் இண்டக்டன்ஸ் 4 மில்லிஹென்றி என்றால் அதில் சேரும் சக்தி 32 மில்லிஜூல், பொறிக்குத் தாராளம். நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் காந்தம் 30 பாகை நேரம் சென்சார் எதிரே நின்றால் 8.3 மில்லி செகண்ட். காயில் 95 சதவீதம் நிறைய 8 போதும். இந்த அளவுக்குக் கணக்கு அருமை. காந்தம் சென்சாருக்கு நேராக நிற்கும்படி எஞ்சின் நின்றுவிட்டால்தான் கஷ்டம். 4 ஆம்பியர் விடாமல் ஓடும், 24 வாட், சால்டரிங் அயர்ன் சூடு. சுவிட்சை அணைக்க மறந்து டீ குடிக்கப் போனால் காயிலும் டிரான்சிஸ்டரும் சேர்ந்தே போகும். சி.டி.ஐ. இந்த இடத்தில் சும்மா இருக்கும்.

பேட்டரிக் கணக்கும் அதற்கே சாதகம். சி.டி.ஐ.க்குள் இருக்கும் கண்டன்சர் 1 மைக்ரோஃபாரட், 250 வோல்ட் என்றால் ஒரு பொறிக்கு 31 மில்லிஜூல். 600 சுற்றில் விநாடிக்கு 10 பொறி. நாற்பது சதவீதம் வீணாகிறது என்று எடுத்தாலும் 6 வோல்ட்டில் 87 மில்லி ஆம்பியர்தான். 2,000 மில்லி ஆம்பியர்-மணி செல் ஐந்து, கணக்குப்படி 23 மணி நேரம் தாங்கும். விமான எஞ்சின் 6,000 சுற்றில் ஓடினால் பத்து மடங்கு, இரண்டேகால் மணியில் காலி. காயிலும் டிரான்சிஸ்டரும் 600 சுற்றிலேயே மூன்றில் ஒரு ஆம்பியர் வரை இழுக்கும்.

இனி உப்பு. இந்தக் கரையில் பொறிச் சாமான் சாவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. காற்றில் வந்து படியும் சோடியம் குளோரைடு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடற்கரையில் விடியற்காலை ஈரம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். மதியம் காய்ந்துவிடாதா? கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரத்திலேயே கசியும். அதனால் படிந்த படலம் வெயிலிலும் முழுசாக உலர்வதில்லை.

அந்தப் படலம் என்ன செய்யும்? பிளக் இடைவெளி அரை மி.மீ. வெளிக்காற்றில் அதைத் தாண்ட சுமார் 2,500 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் காற்று ஆறு மடங்கு நெருக்கப்பட்டபின் பத்தாயிரத்தை ஒட்டித் தேவைப்படும். கேப்பின் உட்புறம் உப்பு ஈரம் படிந்து ஒரு மெகாஓம் வழி உண்டாகிவிட்டால், பத்தாயிரம் வோல்ட்டில் 10 மில்லி ஆம்பியர் அந்த வழியாக ஒழுகிவிடும். பிளக்கைக் கழற்றி ஹெட் மேல் வைத்துச் சோதிக்கும்போது நீலப்பொறி பளிச்சென்று அடிக்கிறதே, மாட்டினால் ஏன் ஓடவில்லை என்ற பழைய புலம்பலுக்கு விடை இதுதான். சோதித்தது 2,500 வோல்ட்டை, எஞ்சின் கேட்பது அதைப்போல நாலு மடங்கு.

கேப்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். பிளக் ஒயரைச் சுற்றிப் பின்னியிருக்கும் செம்புக் கம்பி வலை, கேப்பின் உலோக வளையத்தோடு சேரும் இடம் பச்சை பூத்திருக்கும். அந்த வலைதான் பொறியின் திரும்பும் வழி. அது அரித்து அறுந்தால் மின்சாரம் வேறு வழி தேடும். கைக்குக் கிடைக்கும் வழி பெரும்பாலும் சென்சார் ஒயர். அப்போது சென்சாரும் சாகும், சில நேரம் பெட்டியும் சாகும். புது சென்சார் போட்டவர் வலையைச் சுத்தம் செய்யாமல் விட்டால் அதுவும் போகும். காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டினால் ஒரு தடவைக்குச் செலவு ஐம்பது ரூபாய்கூட வராது.

ஆர்டருக்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். பேட்டரியைச் சுமையோடு அளக்க வேண்டும். சும்மா அளந்தால் செத்த பேட்டரியும் 6 காட்டும். அடுத்தது சென்சார்: காந்தத்தை எதிரே கொண்டுபோனால் சிக்னல் ஒயரில் வோல்ட் விழ வேண்டும், எடுத்தால் ஏற வேண்டும். காந்தத்தின் தென்முனைக்குத்தான் பல சென்சார்கள் அசையும்; தலைகீழாக ஒட்டிய காந்தத்தால் நல்ல சென்சார் குப்பைக்குப் போனதும் உண்டு. ஏ3144 என்ற எண்ணுள்ள ஹால் சென்சாரை அலெக்ரோ நிறுத்திவிட்டாலும், அதே எண்ணில் சென்னை ரிச்சி தெருவில் இன்றும் கேட்டு வாங்கலாம். அது 4.5 முதல் 24 வோல்ட் வரை தாங்கும். நாலு புது செல்லின் 4.8 வோல்ட், சுமையில் 4.5-க்குக் கீழே இறங்கினால் சென்சார் உறங்கும்; சென்சாரைக் குற்றம் சொல்லாமல் ஐந்தாவது செல்லைச் சேர்க்கலாம். பெட்டியைச் சோதிக்கும்போது மட்டும் பிளக் இல்லாமல் பொறி விடவே கூடாது. வெளியே போக வழியில்லாத உயர் வோல்ட், காயிலின் உட்காப்பை உடைத்துக்கொண்டு போகும்.

ரிச்சி தெருவுக்குத் திண்டிவனத்திலிருந்து ஏறக்குறைய 120 கி.மீ. ஒற்றை 30 ரூபாய் சென்சாருக்காகப் பஸ் ஏறினால், செலவும் சாப்பாடும் 400 என்று வைத்தாலும், சென்சாரின் உண்மை விலை 430. பத்து சென்சார் வாங்கினால் ஒன்று 70. அதனால் கணக்கு நோட்டில் எழுத வேண்டியது இப்படி:

ஹால் சென்சார் பத்து, 300 ரூபாய்
சிலிக்கான் கிரீஸ், 150
சிறு காந்தம் ஐந்து, 100
சரியான நீளமுள்ள பிளக் இரண்டு, உள்ளூரில் கிடைக்காவிட்டால் அடுத்த சீனப் பார்சலோடு, 800
சென்னை போய்வர, 400

கூட்டினால் 1,750. சீனத்து செட் ஒன்றின் விலையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி. பெட்டி உண்மையிலேயே செத்திருந்தால் மட்டும் அந்த 5,010-ஐ எழுதுங்கள். எழுதும்போது பிளக்கையும் அதே பார்சலில் போட்டுவிடுங்கள், பிளக்குக்குத் தனியாக 15 டாலர் கூலி கட்ட வேண்டாம்.