கண்ணாடி இல்லாத வீடு

எழுபதை நெருங்கும் வயதில் ஈவ்லின் பிராண்ட் இன்னொரு பணிக்காலம் கேட்டார். மிஷன் சங்கம் மறுத்துவிட்டது. அப்படியானால் கடைசியாக ஒரே ஒரு வருடம் கொல்லிமலையில் இருக்க விடுங்கள் என்றார், சம்மதித்தார்கள். வருடம் முடிந்ததும் சங்கத்தின் பணியிலிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டார். ஆனால் மலையை விட்டு இறங்கவில்லை. சம்பளமும் பொறுப்பும் இல்லாத அந்தப் புதிய ஊழியம், 1974-இல் தொண்ணூற்றைந்து வயதில் அவர் இறக்கும் வரை, கால் நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது.

அவர் வறுமைக்குப் பழகியவர் அல்ல. 1879-இல் லண்டனில் வசதியான வணிகர் வீட்டில் பிறந்தவர், ஓவியம் படித்தவர், நன்றாக உடுத்தப் பிரியப்பட்டவர். மிஷனரியாக இந்தியா வந்து, 1913-இல் ஜெஸ்ஸி பிராண்டை மணந்து, கொல்லிமலையில் குடியேறினார். அன்று அங்கே சாலை இல்லை, காய்ச்சல் உண்டு. நரம்புச் சிலந்தி நோய் வீட்டுக்கு வீடு இருந்தது. காலிலிருந்து புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுப்பது ஜெஸ்ஸியின் அன்றாட வேலை. தண்ணீரில் யாரும் கால் வைக்காதபடி கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பவும் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆண்டுகள் போயும் பிரசங்கத்துக்கு யாரும் செவிகொடுக்கவில்லை. ஊர்ப் பூசாரி கடுமையாக எதிர்த்தார். பிறகு, முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில், இன்ஃபுளூயன்சா கொள்ளைநோய் மலையேறி வந்தது. பயத்தில் மக்கள் ஓடிப்போன வீடுகளுக்கு இருவரும் கஞ்சி கொண்டுபோய், அங்கே விடப்பட்ட நோயாளிகளுக்கு ஊட்டினார்கள். அந்தப் பூசாரியும் அவர் மனைவியும் நோயில் விழுந்தபோது அவர்களையும் கவனித்தார்கள். இறக்கும் தறுவாயில் பூசாரி தன் கைக்குழந்தையை இவர்களிடமே ஒப்படைத்தார். மலையில் திருச்சபை உருவானது அதற்குப் பிறகுதான். பிரசங்கம் திறக்காத கதவைக் கஞ்சி திறந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த வாழ்க்கையின் விலையை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. பிள்ளைகள் பால், கோனி இருவரையும் 1923-இல் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் திரும்பினார்கள். 1929-இல் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். பால் தன் தகப்பனை மறுபடி பார்க்கவே இல்லை. இறப்புச் செய்தி தந்தியில் வந்த பிறகும், அப்பா எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. விதவையாக ஊர் திரும்பிய தாயை மகனுக்கே அடையாளம் தெரியவில்லை; அந்த அளவுக்கு ஒடுங்கிப்போயிருந்தார். சீஷத்துவம் என்று மேடையில் எளிதாகச் சொல்கிறோம். அதன் பாரத்தைப் பிள்ளைகளும் சுமந்தார்கள்.

ஆனால் ஈவ்லினை நிமிர்த்தியது சொந்த நாடும் ஓய்வும் அல்ல; அவர் மறுபடி இந்தியாவுக்கே வந்தார். தம்பதியராக இருந்த காலத்திலேயே கல்வராயன், பச்சைமலை உட்பட ஐந்து மலைத்தொடர்களுக்கும் நற்செய்தியைக் கொண்டுபோக வேண்டும் என்று இருவரும் கனவு கண்டிருந்தார்கள். அந்தக் கனவைத்தான் முதுமையில் அவர் கையில் எடுத்தார். மட்டக்குதிரையில் மலைமலையாகப் போனார். விழுந்தார், எலும்பு முறிந்தது. இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தார். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட், தன் தாயை மட்டும் மலையிலிருந்து இறங்கச் சம்மதிக்க வைக்க முடியாமல் திரும்பினார்.

கடைசிச் சுமார் இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை. மகனே இதை எழுதியிருக்கிறார். இது துறவு என்று எனக்குத் தோன்றவில்லை. அவருடைய கவனம் முழுக்க வெளியே இருந்தது. கம்பளி வேண்டியவரையும் மருந்து வேண்டியவரையும் பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ளும் தேவை இருக்கவில்லை. தன்னை இழப்பவனே தன்னைக் கண்டடைவான் என்று இயேசு போதித்ததை நாம் தியாகத்தின் கட்டளையாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். ஈவ்லினின் வாழ்க்கையில் அது ஆனந்தத்துக்கான வழியாக இருந்தது. சுருக்கம் விழுந்த அந்த முகத்தில் மகன் கண்டது அழகைத்தான்.

இன்று நம் சபைகளில் ஆசீர்வாதக் கூட்டங்களுக்குக் குறைவில்லை. வீடு, வேலை, விசா, வரன் என்று விண்ணப்பங்கள் நீள்கின்றன. கேட்பதில் தவறில்லை, பிதாவிடம் பிள்ளை கேட்கத்தான் செய்யும். ஆனால் கேட்டதெல்லாம் கிடைத்த பிறகும் வெறுமையோடு அமர்ந்திருப்பவர்களை ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனையில் பார்க்கிறோம். அவர்களுக்கு இன்னொரு ஆசீர்வாதம் போதாது. அவர்களுடைய கையை எதிர்பார்த்து ஒருவர் இருக்க வேண்டும்.

இந்தியாவில் நரம்புச் சிலந்தி நோயின் கடைசி நோயாளி 1996-இல் பதிவானார்; 2000-இல் நாடு அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அரசும் சுகாதார ஊழியர்களும் செய்த பெரும் பணி அது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே ஒரு மலையில் கிணற்றுக்குக் கிணறு அந்த வேலையைத் தொடங்கிய இருவரும் இன்று கொல்லிமலையில் அருகருகே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

உங்கள் சபையில் படுக்கையில் கிடப்பவர், துணையில்லாத முதியவர், பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளை யாரென்று ஆயரிடம் கேளுங்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்த வீட்டுக்குப் போங்கள்.