ஜீப் வண்டியும் அதனைப் பேணும் முறையும்

ஜீப் என்னும் சொல்லை அறியாதார் நம் கம்பம் பள்ளத்தாக்கில் இலர். பொழுது புலருமுன் ஏலத்தோட்டத்துக் கூலிப் பெண்டிரை ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறிக் கேரள எல்லையைக் கடந்து, மாலையில் அவர்களை மீண்டும் ஊரில் இறக்கிவிடும் வண்டி அதுவேயாம். இச்சொல் எங்ஙனம் பிறந்தது என்பதில் அறிஞர் ஒருமைப்பட்டிலர். 1936ஆம் ஆண்டில் 'பாப்பாய்' என்னும் சித்திரக் கதையில் தோன்றிய ஒரு விந்தை விலங்கின் பெயர் என்பர் சிலர்; ஃபோர்டு கம்பெனியார் இட்ட ஜி.பி. என்னும் குறியெழுத்துக்களின் மரூஉ என்பர் வேறு சிலர். வடவெழுத்தை நீக்கி எழுதப் புகுவோமாயின், இது 'சீப்பு' என்றாகித் தலைவாரும் கருவியோடும் வாழைச் சீப்போடும் மயங்குமாதலின், ஜகரத்தை அதற்கே விட்டுவிடுதல் நலம்.

இவ்வண்டி அமெரிக்க நாட்டிற் பிறந்தது. 1940ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், எடை குறைந்ததும் நான்கு சக்கரங்களும் உந்துவதுமான ஒரு சிறு வண்டி வேண்டுமென அமெரிக்கப் படைத்துறையினர் கேட்டனர். பாண்டம் என்னும் சிறு கம்பெனிக்காகக் கார்ல் புரோப்ஸ்ட் என்பார் வகுத்த மாதிரி வண்டி, அவ்வாண்டு செப்டம்பரிலேயே சோதனைக்கு வந்தது. பின்னர் வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியுமே பெருந்தொகையில் அதனைச் செய்தன. 1941 முதல் 1945 வரை ஏறக்குறைய 6,40,000 வண்டிகள் போர்முனை நோக்கிச் சென்றன.

போர் முடிந்தபின் வில்லிஸ் கம்பெனியார் இதனைக் குடிமக்களுக்கென மாற்றியமைத்தனர். 1945இல் சி.ஜே.2ஏ, 1949இல் சி.ஜே.3ஏ, 1953இல் சி.ஜே.3பி என மூன்று வகைகள் அடுத்தடுத்து வந்தன. தட்டை மட்கார்டு உடைய இத்தலைமுறை வண்டிகளையே சேகரிப்போர் பெரிதும் விரும்புகின்றனர். இவற்றை வேறுபடுத்தி அறிதல் அரிதன்று. வில்லிஸும் ஃபோர்டும் செய்த போர் வண்டியின் முன்முகத்தகட்டில் ஒன்பது நெடும்பிளவுகள் பொதுவாகக் காணப்படும். குடிமக்கள் வண்டியிலோ ஏழே உள. போர் வண்டிக்குப் பின்கதவு இல்லை; சி.ஜே.2ஏ வண்டிக்கு அது உண்டு. முதல் இரு குடிவகைகளும் போர் வண்டியும் தாழ்ந்த பானெட் உடையன. சி.ஜே.3பி வகையின் பானெட் மட்டும் உயர்ந்து நிற்கும்.

அவ்வுயர்வுக்குக் காரணம் எஞ்சினாகும். பழைய எஞ்சினில் காற்றும் எரிபொருளும் புகும் வால்வு, புகை வெளியேறும் வால்வு ஆகிய இரண்டும் பக்கத்தே அமைந்திருந்தன. அதன் ஆற்றல் 60 குதிரைத்திறன். புதிய எஞ்சினிலோ, புகும் வால்வைச் சிலிண்டரின் தலைப்பகுதிக்கு ஏற்றினர். அதனால் எரிபொருட் கலவை தடையின்றி உட்புக, ஆற்றலும் 70 குதிரைத்திறனுக்கு மேற்பட்டது. எஞ்சினின் உயரமும் மிகுந்தது. உயர்ந்த எஞ்சினை மூடப் பானெட்டையும் உயர்த்த நேர்ந்தது.

1964ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த போன்டியாக் ஜி.டி.ஓ. என்னும் விரைவுக் கார் 325 குதிரைத்திறன் உடையது. அத்தகைய கார்களைச் சேகரிப்போர் விரைவையும் முழக்கத்தையும் போற்றுவர். அதனோடு ஒப்பிட ஜீப்பின் ஆற்றல் ஐந்திலொரு பங்கு போலும். ஆயினும் மலைக்கு வேண்டுவது விரைவன்று. சறுக்காது மெல்ல ஏறும் திறனே. ஜீப்பில் மூன்று முன்கியர்கள் உள. அவற்றோடு இணைந்த இரண்டாம் பெட்டியொன்று, ஒவ்வொரு கியரையும் மிகுவேகம், குறைவேகம் என இருவகையாக்குவதோடு, வேண்டும்போது முன்சக்கரங்களுக்கும் உந்தலைப் பகிர்ந்தளிக்கிறது. முன்பின் சக்கரங்களின் இடைவெளி 80 அங்குலமே. ஆதலின், கொண்டை ஊசி வளைவிலும் தோட்டத்துச் சேற்றுத்தடத்திலும் அது திரும்பவல்லது. 1951ஆம் ஆண்டு நியூயார்க்கு நவீனக் கலைக்கூடத்தார் எட்டுக் கார்களைக் கலைப்பொருளெனக் காட்சிக்கு வைத்தபோது, அழகிய கார்களிடையே ஜீப்பும் இடம்பெற்றது. வேண்டாத உறுப்பு ஒன்றும் இல்லாமையே அதன் அழகு.

நம் நாட்டில் இதற்கு வாழ்வளித்தவர் மகீந்திரா கம்பெனியார். மகீந்திரா சகோதரரும் மாலிக் குலாம் முகம்மதுவும் சேர்ந்து 1945இல் தொடங்கிய அந்நிறுவனம், நாடு பிரிந்து முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானபின், 1948இல் 'மகீந்திரா அண்டு மகீந்திரா' எனப் பெயர் மாறிற்று. வில்லிஸ் ஜீப்பை முதலில் பம்பாயில் பூட்டி விற்றனர், பின்னர்ச் சி.ஜே.3பி வகையை முழுவதும் இங்கேயே செய்தனர். அமெரிக்காவில் 1968இல் அவ்வகை நின்றுபோயிற்று. இந்தியாவிலோ அதன் வடிவம் மேலும் பல்லாண்டுகள் நிலைத்தது. பெட்ரோல் எஞ்சினுக்கு ஈடாகப் பெழோ டீசல் எஞ்சின் கொண்ட எம்.எம்.540 முதலியனவும், ஆட்களை மிகுதியாக ஏற்றத்தக்க நீண்ட கமாண்டர் வகையும் அதன் வழித்தோன்றல்களே.

சேகரிப்போர் நோக்குவன யாவை? முதலாவது, சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருத்தல். இரண்டாவது, சேசிஸ் துருப்பிடியாமை. மூன்றாவது, பிறந்தபோதிருந்த எஞ்சினும் கியர்ப் பெட்டியும் மாறாமை. அரியானாவின் மண்டி டப்வாலி போன்ற இடங்களில் பழைய உறுப்புக்களைக் கொண்டு ஜீப்புகளைப் புதிதாகப் பூட்டும் தொழில் நடைபெறுவதால், பச்சை வண்ணமும் வெள்ளை நட்சத்திரமும் கண்டு மயங்குதல் ஆகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் வண்டியின் மூல அமைப்பை மாற்றுதலைத் தடுக்கின்றது. 2021இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்டதும் உருமாறாததும் வாணிகத்துக்குப் பயன்படாததுமான வண்டியைப் பழம்பெரும் வண்டியெனப் பதியலாம். அதன் எண்ணில் மாநில எழுத்துக்களை அடுத்து வி.ஏ. என்பது நிற்கும். ஆயின், அதனைக் கண்காட்சி, அணிவகுப்பு முதலியவற்றிற்கன்றி அன்றாடம் ஓட்டுதல் கூடாது.

இவ்விடத்தே ஓர் இடர்ப்பாடு தோன்றுகிறது. நம் பள்ளத்தாக்கின் ஜீப் உழைத்த வண்டி. பெட்ரோல் விலைக்கு ஆற்றாது டீசல் எஞ்சின் பூட்டப்பெற்றது. பின்புறத்தே பலகையிருக்கை பெற்றது. பட்டறையில் பலமுறை டிங்கர் வேலை கண்டது. சேகரிப்போரின் அளவுகோலால் நோக்கின், இஃது உரு அழிந்த வண்டி. உரிமையாளரோ அவ்வாறு பழுது பார்த்ததனாலேயே பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். இவ்விருவருள் யார் கூற்று மெய்?

இரண்டும் மெய்யென்றே கொள்ளவேண்டும். மூல எஞ்சினோடு இன்றும் நிற்கும் சி.ஜே.3பி ஒன்று கிடைப்பின், அதனை மாற்றாது காத்தல் கடமை; மாற்றியபின் மீட்பது அரிது. ஆனால் தோட்டத்துக்கு ஓடி உருமாறிய வண்டியைப் போர்க்கோலம் பூட்டி விற்பது, அது காணாத போரை அதற்குக் கற்பிப்பதாகும். அதன் உண்மை வரலாறு பலகையிருக்கையிலும், மேற்சட்டத்தைப் பற்றிப் பற்றித் தேய்ந்த பிடியிலும் உள்ளது. அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றியமையால் மலைப்பாதையில் நேர்ந்த விபத்துக்களும் அவ்வரலாற்றின் பகுதியே. அவற்றை மறைத்து வண்டியை மட்டும் புகழ்தல் அறமன்று.

கோயம்புத்தூரில் ஜீ.டி. கார் அருங்காட்சியகம் பழங்கார்களைப் பேணிப் பலரும் காணச் செய்துள்ளது. அதுபோல் தேனி மாவட்டத்தில் ஓர் ஏலத்தோட்ட ஜீப்பேனும் அது உழைத்த கோலத்திலேயே காக்கப்பெறுதல் வேண்டும். அதனருகே, அதனை ஓட்டினோர் கூறுவனவும் அதிற் சென்ற பெண்டிர் கூறுவனவும் எழுதிவைக்கப்பெறுதல் வேண்டும். வண்டியின் உறுப்புக்களைச் சென்னைப் புதுப்பேட்டையிலும் தேடிப் பெறலாம். அவர்தம் சொற்களையோ அவர் உள்ளபோதே கேட்டல் வேண்டும். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் எழுதுகோலும் தாளும் கொண்டு இப்பணியைத் தொடங்குவாராக.