மீனுக்கு எவ்வளவு ஐஸ்?

காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை வஞ்சிரம் வாங்குகிறவர்கள் விலைக்குப் பேரம் பேசுவார்கள்; கடைக்காரர் பையில் அள்ளிப் போடும் ஐஸ் எவ்வளவு என்று பார்ப்பதே இல்லை. ஒரு கைப்பிடி விழுந்தால் திருப்தி. அது போதாது.

ஒரு கிலோ ஐஸ் உருகித் தண்ணீராக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதைப் பக்கத்தில் இருக்கும் பொருளிடமிருந்துதான் உறிஞ்சும். 30 டிகிரி சூட்டில் இருக்கும் ஒரு கிலோ மீனைப் பூஜ்யத்துக்கு இறக்க, அதிலிருந்து ஏறக்குறைய 110 கிலோஜூல் வெளியேற வேண்டும். அதாவது மீன் குளிர்வதற்கே 300 கிராமுக்குச் சற்று மேல் ஐஸ் செலவாகிவிடும். வழியில் புகும் சூட்டைச் சமாளிப்பதற்கு இதற்கு மேலும் வேண்டும். வெயில் நாடுகளில் மீனுக்குச் சரிக்குச் சரி ஐஸ் போடச் சொல்வது இதனால்தான். கட்டியாகப் போடாமல் உடைத்து, மேலும் கீழும் மீனை ஒட்டினாற்போல் பரப்ப வேண்டும். உருகின ஐஸ்தண்ணீர் அவ்வளவு உபயோகமில்லை: ஒரு கிலோ தண்ணீர் பூஜ்யத்திலிருந்து 5 டிகிரிக்கு ஏறும்போது 21 கிலோஜூல்தான் உறிஞ்சும்.

தெர்மாக்கோல் பெட்டியும் கூலிங் பேக்கும் தாமாக எதையும் குளிர்விக்காது. தெர்மாக்கோலில் பெரும்பங்கு காற்றுதான். குட்டிக் குட்டி அறைகளில் அடைபட்ட அந்தக் காற்று வெப்பத்தைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஐஸ் இல்லாமல் சூடான மீனை உள்ளே வைத்தால், சூட்டைப் பத்திரமாக வீடு சேர்த்துவிடும்!

மீனை வாங்கிக்கொண்டு, காரை வெயிலில் விட்டுவிட்டு, 'காய்கறி மட்டும் பார்த்துட்டு வந்துடறேன்' என்று போவதுதான் பெரிய வம்பு. ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் மூடி நின்ற காரின் உள்சூடு ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி கூடியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணிக்குள்ளேயே. கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தும் பெரிதாகக் குறையவில்லை. ஆகவே காய்கறி முதலில், மீன் கடைசியில். டிக்கிக்கு ஏ.சி. காற்று சரியாக எட்டாத கார்களில் மீன் பெட்டி பின்சீட்டுக் காலடியில் இருக்கட்டும்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி வாங்கினால் கூடுதல் கவனம் வேண்டும். குளிர் விட்டுப்போனால் பாக்டீரியாக்கள் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் உண்டாக்கிவிடும். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு வரும். மீன் நாறாமலே இது நடக்கலாம். உண்டான ஹிஸ்டமின், குழம்பை எவ்வளவு கொதிக்கவிட்டாலும் போகாது.