மகனுக்குக் கட்டிய மாளிகை

பாரிஸ் நகரில் மோன்சோ பூங்காவை ஒட்டி ஒரு மாளிகை இருக்கிறது. மோன்சோ தெரு, 63-ம் எண். பிரான்சை மன்னர்கள் ஆண்ட காலத்தில் கட்டியது போலத் தோன்றும். ஆனால், அது கட்டி முடிந்தது 1914-ம் ஆண்டில்தான்!

கட்டியவர் மோயீஸ் காமொண்டோ என்ற வங்கி முதலாளி. கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் (இன்றைய இஸ்தான்புல்) யூதக் குடும்பம் ஒன்றில் 1860-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே பாரிசுக்கு வந்துவிட்டார்.

பணத்துக்குக் குறைவில்லை. குடும்ப வாழ்க்கைதான் சரியாக அமையவில்லை. 1902-ல் விவாகரத்து ஆயிற்று. நிசிம் என்ற மகனும், பெயத்ரீஸ் என்ற மகளும் தந்தையிடம் வளர்ந்தார்கள்.

தலைகீழ் வேலை!

1910-ல் தாயார் காலமானார். பெற்றோரின் வீடு மோயீசுக்கு வந்தது. அதை அவர் இடித்துவிட்டார்! 18-ம் நூற்றாண்டு மேஜை, நாற்காலி, பீங்கான் என்றால் அவருக்கு உயிர். அவற்றை வைக்க அந்தக் காலத்து வீடே வேண்டும் என்றார்.

1911-ல் ரெனே செர்ஜான் என்ற கட்டிடக் கலைஞர் வேலையைத் தொடங்கினார். வெர்சேல்ஸ் அரண்மனைத் தோட்டத்தில் 'சின்னத் திரியானோன்' என்ற சிறு மாளிகை உண்டு. 16-ம் லூயி மன்னர் தம் ராணிக்குக் கொடுத்தது. அதையே மாதிரியாக வைத்துக்கொண்டார்.

வீட்டைக் கட்டிய பிறகு சாமான் வாங்குவது உலக வழக்கம். இங்கே தலைகீழ். பழைய மாளிகைகளின் சுவர்களிலிருந்து கழற்றிய சித்திர வேலைப் பலகைகளை மோயீஸ் வாங்கினார். அந்தப் பலகைகளின் அளவுக்கு ஏற்றபடி அறைகளை அமைத்தார்கள்!

லூவர் அரண்மனைக்காக 14-ம் லூயி காலத்தில் நெய்த கம்பளம் இங்கே தரையில் கிடக்கிறது. ஒரு சிறு அறை முழுவதும் பீங்கான் தட்டுகள். தட்டுக்குத் தட்டு பறவைச் சித்திரம். விருந்தாளி இல்லாத நாட்களில் மோயீஸ் அந்தப் பறவைகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார்.

வசதியில் மட்டும் பழமை கிடையாது. லிப்ட் உண்டு. குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் ஏற்பாடு உண்டு. சமையல் அறையைப் பார்த்தால் நம் வீட்டுப் பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். சுவரெல்லாம் பளபளக்கும் வெள்ளை ஓடு. பெரிய இரும்பு அடுப்பு. அந்த அடுப்பில் வெந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்!

வாரிசு போனது

வீடு முடிந்த அதே 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. நிசிம் பட்டாளத்தில் சேர்ந்தார். பிறகு விமானி ஆனார். 1917 செப்டம்பர் 5-ந் தேதி வானத்தில் நடந்த சண்டையில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 25.

வீட்டை ஆள வேண்டிய பிள்ளை போய்விட்டான். மோயீஸ் வங்கித் தொழிலை விட்டார். ஆனால் பழம்பொருள் வாங்குவதை விடவில்லை. ஜோடியில் ஒன்று குறைந்தால், மற்றொன்றைத் தேடிப் பிடிப்பார். யாருக்காக? அதையும் உயிலில் எழுதி வைத்தார். வீடு அலங்காரக் கலைச் சங்கத்துக்குப் போகவேண்டும். மகன் பெயரால் விளங்கவேண்டும். எந்தப் பொருளையும் வைத்த இடத்திலிருந்து நகர்த்தக்கூடாது.

1935-ல் மோயீஸ் இறந்தார். 1936 டிசம்பரில் 'நிசிம் காமொண்டோ அருங்காட்சியகம்' திறக்கப்பட்டது.

மகள் கதி

1940-ல் ஜெர்மானியர் பாரிசைப் பிடித்தார்கள். யூதர்களைத் தேடித் தேடிக் கைது செய்தார்கள். பெயத்ரீசும் அவர் மகள் பானியும் 1942 டிசம்பரில் பிடிபட்டார்கள். பெயத்ரீசின் கணவர் லெயோன் ரைனாக்கும், மகன் பெர்த்ரானும் தப்பவில்லை.

மாளிகையைத் தானம் கொடுத்தவரின் மகள்; பிரான்சுக்காக உயிர் கொடுத்த வீரனின் தங்கை. அது எதுவும் எடுபடவில்லை. 1943, 1944-ம் ஆண்டுகளில் நால்வரையும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். ஒருவரும் திரும்பவில்லை. மோயீஸ் காமொண்டோவின் வம்சம் அற்றுப்போயிற்று.

மாளிகை வாசலில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். அந்த நான்கு பெயர்களும் அதில் இருக்கின்றன.